டேப்பக்காவும் கையாளும் கட்டணமும்

அரசாங்க அலுவலகத்தோடு பேரம் பேசி ஜெயித்த ஒரே பிறவி இந்த உலகத்தில் என் சம்பந்தியம்மாதான். எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். 'உலகத்தில்' என்பது கொஞ்சம் கூடுதல். நான் உலகத்தைச் சுற்றி விசாரித்துவிட்டு வரவில்லை. 'எங்கள் ஊரில்' என்று குறைத்துக்கொள்கிறேன். ஊரை மட்டும் முழுக்க விசாரித்தேனா என்ன? சரி, 'எங்கள் சந்தைக் கட்டடத்தில்' என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்குக் கீழே நான் இறங்கமாட்டேன்.

சம்பந்தியம்மா என்றால் என் மருமகளைப் பெற்றவர். சந்தையில் அவருக்கு டேப்பக்கா என்று பெயர். கழுத்தில் அளவு டேப் தொங்காமல் அவரை யாரும் பார்த்ததில்லை. பெண்ணின் கல்யாணத்துக்கே டேப்போடுதான் வந்தார் என்று நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். "கழுத்துல இல்ல அத்தை, கைப்பையிலதான் இருந்துச்சு" என்பாள் மருமகள். இருந்ததா இல்லையா, அதுதானே கேள்வி?

சின்ன வயதில் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் காலர் மட்டும் தைத்தவர் அவர். காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை காலர். கை ஒருத்தி தைப்பாள், உடம்பு இன்னொருத்தி தைப்பாள், பொத்தான் வேறொரு அறையில். "முழுச் சட்டை எப்படி இருக்கும்னு பாக்கணும்னா நான் தெருவுல போறவங்களைத்தான் பாக்கணும்" என்று சொல்லிச் சிரிப்பார். வீட்டுக்காரர் நோயில் படுத்து, பிறகு இல்லாமலே போனதும், ஒரு பழைய கால்மிஷினை வாங்கி நகராட்சிச் சந்தையின் வாசலில் போட்டு உட்கார்ந்தார். சில வருஷம் கழித்து, கட்டடத்தின் பெரிய படிக்கட்டுக்கு அடியில் இருந்த இடத்தை நகராட்சியே அவருக்கு ஒதுக்கிக் கொடுத்தது.

இடம் என்றால் அது ஒரு முக்கோணம். முன்பக்கம் வாடிக்கையாளர் நிமிர்ந்து நிற்கலாம். நடுவில் மிஷின். பின்மூலையில் நூல்கண்டும் பொத்தான் டப்பாவும்; அங்கே அவரே குனிந்துதான் போகவேண்டும். தலைக்கு மேல் நாளெல்லாம் செருப்புச் சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டே இன்னார் இறங்குகிறார், அவருடைய பேண்ட் விளிம்பு தரையில் இழுபடுகிறது, இன்னும் கொஞ்ச நேரத்தில் கடைக்கு வருவார் என்று சொல்லிவிடுவார். இதில் பாதி நான் சேர்த்தது. எந்தப் பாதி என்று சொல்லமாட்டேன். சுவரில் சாக்குக்கட்டியால் 'ஒரே விலை' என்று பெரிதாக எழுதியிருக்கும். மழைக்காலத்தில் அழிந்துபோனால் முதல் வேலையாக அதைத் திரும்ப எழுதிவிட்டுத்தான் மிஷினில் எண்ணெய் விடுவார்.

அந்த முக்கோணத்திலிருந்துதான் பெண்ணைப் படிக்கவைத்தார். அவள் இன்று ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். "ஊசி குத்துறது இவங்க பரம்பரைத் தொழில்" என்பான் என் மகன்.

சந்தையில் டேப்பக்காவுக்கு இருக்கும் மதிப்புக்கு ஒரு காரணம் உண்டு. பள்ளிச் சீருடை தைத்தால் உள்ளே தாராளமாகத் துணி விட்டுத் தைப்பார். பிள்ளை வளர வளர, பிரித்து இறக்கிக்கொண்டே போகலாம். டேப்பக்கா தைத்த உடை உடம்போடு சேர்ந்து வளரும் என்று தாய்மார்கள் சொல்வார்கள். "வெட்டிட்டா போச்சு சம்பந்தி, ஒட்டவைக்க முடியாது. விட்டு வெட்டினா எப்ப வேணா குறைச்சுக்கலாம்" என்பார். துணிக்கு மட்டுமல்ல, எல்லாவற்றுக்கும் அவருக்கு இதே கணக்குதான். பக்கத்துத் தெருவுக்குப் போவதென்றாலும் பயணம் போகிற மாதிரி முன்கூட்டியே கிளம்பி நிற்பார்.

ஒரு நாள் காலையில் கடையின் கம்பிக் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. படிக்கட்டுக்கு அடியில் உள்ள இடம் கடையாக ஒதுக்கப்பட்டதற்குப் பதிவு ஏதும் இல்லை, காலி செய்யவேண்டும், ஆட்சேபம் இருந்தால் விசாரணை நாளில் ஆதாரத்துடன் வரவும். விசாரணைக்கு அதிக நாள் இல்லை.

சந்தைக் கடைகளுக்கெல்லாம் புதிதாக எண் போட்டபோது இந்த முக்கோணம் எந்த வரிசையிலும் சேராமல் விட்டுப்போயிருந்தது. எண் இல்லாத கடை, இல்லாத கடைதானே. மாதாமாதம் கட்டிய வாடகை ரசீதுகளிலும் 'சந்தைக் கட்டணம்' என்றுதான் இருந்தது, எந்த இடத்துக்கு என்று இல்லை. நகராட்சி மன்றம் அவருக்கு இடம் ஒதுக்கிப் போட்ட தீர்மானத்தின் நகலை அவர் பத்திரமாகத்தான் வைத்திருந்தார். எல்லாரும் பார்க்கட்டும் என்று சுவரிலேயே ஒட்டியிருந்தார். சந்தைக்கு வெள்ளையடிக்க நகராட்சி அனுப்பிய ஆட்கள், நகராட்சியின் தீர்மானத்தின் மேலேயே சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போய்விட்டார்கள். சுரண்டிப் பார்த்தபோது தாளும் சுண்ணாம்பும் சேர்ந்தே உதிர்ந்தன.

அடுத்த கடை சாவிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏங்க்கா, உங்களைக் கிளப்பிட்டு இங்க யாரை உக்காரவைப்பாங்க? நிமிர முடியாத இடத்துல எந்த அதிகாரி வந்து உக்காருவாரு?"

"குனிஞ்சு பழகின அதிகாரியா பாத்துப் போடுவாங்க" என்றார் சம்பந்தி. வாய் அப்படிச் சொன்னாலும், அன்றைக்கு மிஷினில் நூல் கோக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

சாயங்காலம் என் மகன் பேச்சை எடுத்தான். "விட்டுடுங்க அத்தை. எங்களோடயே வந்திருங்க. முன் ரூம்ல மிஷினைப் போட்டுக்கலாம், ஃபேனுக்கு அடியில."

"மாப்பிள்ளை, உங்க வீட்டுல நான் உங்களுக்கு அத்தை. உங்க பொண்டாட்டிக்கு அம்மா. உங்கம்மாவுக்குச் சம்பந்தி. டேப்பக்கா அந்தப் படிக்கட்டுக்கு அடியிலதான் இருக்கா. அவளை எந்த ரூம்ல வைப்பீங்க?"

அவன் அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. என்னை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

அரசாங்கத்தின் பழைய ஆவணங்களை யார் வேண்டுமானாலும் மனுப் போட்டுக் கேட்கலாம். தேடி எடுத்துக் கொடுக்கிற வேலைக்கு மட்டும் கையாளும் கட்டணம் என்று ஒன்று வாங்குவார்கள். இதை மருமகள் கண்டுபிடித்துச் சொன்னாள். சம்பந்தி உட்கார்ந்து தன் கையாலேயே மனு எழுதினார். முடித்ததும் எனக்குப் படிக்கக் கொடுத்தார். சந்தைக் கட்டடம் கட்டிய நாளிலிருந்து இன்றுவரை அதைப் பற்றி நிறைவேறிய எல்லாத் தீர்மானங்களும் வேண்டும்; எல்லாக் கடைக்காரர்களின் வாடகைப் பதிவுகளும் வேண்டும்; கடிதங்கள், வரைபடங்கள், மராமத்துக் குறிப்புகள் எல்லாமும் வேண்டும் என்று இருந்தது.

"எதுக்குச் சம்பந்தி இவ்வளவு? உங்களுக்கு வேண்டியது ஒரு தாள்தானே?"

"உள்ள துணி விட்டு வெட்டியிருக்கேன் சம்பந்தி. வேண்டாததை அப்புறம் மடிச்சுத் தச்சுக்கலாம்."

பதில் வந்தது. கேட்ட ஆவணங்களைத் தேடவும், பிரிக்கவும், மற்றவர்களின் சொந்த விவரங்களை மறைக்கவும், நகலெடுக்கவும் கையாளும் கட்டணம் இவ்வளவு என்று அதில் ஒரு தொகை. அந்தப் பணத்துக்கு மோட்டார் வைத்த புதுத் தையல் மிஷின் வாங்கலாம், கூட, துணி விளிம்பு பிரியாமல் தைக்கிற ஓவர்லாக் மிஷினும் வாங்கலாம். கடையில் வைத்துத்தான் மருமகள் அதைப் படித்துக் காட்டினாள்.

"நான் கட்டிடறேன் அத்தை" என்றான் என் மகன்.

"வேணாம் மாப்பிள்ளை. என் கடைக்கு நான் கட்டினாத்தான் அது என் கடை."

நான் அதற்குள் பத்திரிகைக்கு எழுதப் பேனாவைத் திறந்துவிட்டேன். முதல் வரியில் 'பகற்கொள்ளை' என்று போட்டும் விட்டேன். சம்பந்தி அந்தக் கடிதத்தை வாங்கி, துணியில் பழுது இருக்கிறதா என்று பார்ப்பதுபோல வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்.

"இது வேண்டாத வேலைக்குச் சொல்ற விலை சம்பந்தி. தோல் ஜாக்கெட்டைக் கொண்டுவந்து ஜிப் மாத்திக் குடுன்னு கேப்பாங்க. ஊசி உடையும், விரல் போகும். முடியாதுன்னு சொன்னா மனசு நோகும். அதனால விலையைத் தூக்கிச் சொல்லுவேன், அவங்களே கிளம்பிப் போயிருவாங்க. எனக்குத் தெரியாதா இந்த வித்தை?"

"அப்ப கொள்ளைதானே? எழுதிடறேன்."

"பேனாவை மூடுங்க." அவர் தன் மனுவின் நகலை எடுத்துப் பிரித்தார். மெதுவாகப் படித்தார். சிரிப்பு போய்விட்டது. "இதைத் தூக்கிட்டு யாராவது என் கடைக்கு வந்திருந்தா நானும் இதே விலைதான் சொல்லியிருப்பேன். ஒரு பொத்தான் அறுந்ததுக்கு வீட்டுத் துணியெல்லாம் மூட்டை கட்டிக் கொண்டுபோய்ப் போட்டிருக்கேன், பாருங்க."

"இப்ப என்னம்மா பண்றது?" என்றாள் மருமகள்.

"வெவரமான வாடிக்கை என்ன பண்ணும்? எதுக்கு எவ்வளவு ஆகுதுன்னு கேக்கும். லைனிங்கை எடுத்துட்டா எவ்வளவு, பாக்கெட்டை எடுத்துட்டா எவ்வளவுன்னு கேக்கும். வாங்க சம்பந்தி, போய்ட்டு வரலாம்."

நகராட்சி அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறது ஆவணப் பிரிவு. டோக்கன் கொடுக்கிற மிஷின், வரிசையாக ஆணியடித்த நாற்காலிகள், யாரோ விட்டுப்போன குடை ஒன்று. கூட்டம் கடல் மாதிரி இருந்தது. சரி, குளம் மாதிரி. எங்கள் முறை வந்தபோது கவுன்டருக்குப் பின்னால் ஆவண அதிகாரி இருந்தார். நடுத்தர வயதுப் பெண். யார் வந்து கத்தினாலும் தாங்கிக்கொள்ளத் தயாராகிவிட்ட முகம். அவர் போட்டிருந்த கோட்டின் கைவிளிம்பு தையல் விட்டுப்போய், ஸ்டேப்ளர் பின் அடித்திருந்தது. சம்பந்தியின் கண் நேராக அங்கேதான் போனது. கை தன்னால் டேப்பைத் தொட்டது. நான் முழங்கையால் இடித்தேன்.

"மேடம், கட்டணம் ஜாஸ்தின்னு சண்டை போட வரல. எந்த வேலைக்கு எவ்வளவு ஆகுதுன்னு சொல்றீங்களா?"

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "சண்டை போடத்தான்மா எல்லாரும் வருவாங்க. இதை யாரும் கேட்டதில்ல." நாற்காலியை இழுத்து முன்னால் போட்டுக்கொண்டார். "பழசெல்லாம் பெட்டியில இருக்கு, வருஷப்படி. கடைப்படி இல்ல. நானும் இன்னொரு ஆளும்தான். மத்த கடைக்காரங்க பேரு, விலாசம் எல்லாம் கையால மறைக்கணும். அதுக்குத்தான் பாதிக்கு மேல ஆகுது."

"மத்தவங்க கணக்கு எனக்கு எதுக்கு? எடுத்துருங்க."

அதிகாரி மனுவில் ஒரு கோடு அடித்தார். "வரைபடம்?"

"வேணாம்."

"கடிதங்கள்?"

"தீர்மானம் இருந்தா கடிதம் எதுக்கு? அதையும் வெட்டுங்க."

ஒவ்வொரு கோட்டுக்கும் சம்பந்தியின் முகம், நல்ல துணியில் கத்தரி விழுந்த மாதிரி சுருங்கிச் சுருங்கி விரிந்தது. கடைசியில் ஒரே ஒரு தாள் மிஞ்சியது: படிக்கட்டுக்கு அடியில் இடம் ஒதுக்கிய தீர்மானம்.

"எந்த வருஷம்மா?"

சம்பந்தி என் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"வருஷம் தெரியாட்டி எல்லாப் பெட்டியையும் இறக்கணும். அதை மட்டும் என்னால குறைக்க முடியாது."

நிலைமை மோசமாவதைப் பார்த்து நான் குறுக்கே புகுந்து, ஒரு வருஷத்தைக் கணீரென்று சொன்னேன். தேதி, கிழமை கூடச் சேர்த்துச் சொன்னேன். சம்பந்தி என் கையைக் கிள்ளினார். "சும்மா இருங்க சம்பந்தி, இது கதை இல்ல. தப்பான வருஷம் சொன்னா தப்பான பெட்டிய இறக்குவாங்க." பிறகு அதிகாரியிடம் திரும்பினார். "வருஷம் ஞாபகம் இல்ல மேடம். என்ன தச்சுட்டிருந்தேன்னு ஞாபகம் இருக்கு. ஊர்ல இருந்த அகலக் கால் பேண்ட் எல்லாம் திடீர்னு குறுகின வருஷம். இறுக்கிக் குடுக்கான்னு வரிசையில நின்னாங்க. வாசல்லேர்ந்து படிக்கட்டுக்கு அடியில மிஷினை நகத்தினப்ப அந்தப் பேண்ட் குவியலையும் சுமந்துக்கிட்டுதான் போனேன். பள்ளிக்கூடம் திறக்கிற நேரம் வேற, சீருடை ஒரு பக்கம் மலையா கெடந்துச்சு."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "முழங்காலுக்குக் கீழ பூத் தையல் போட்ட அகலக் காலா?"

"அதேதான்! பூவை வெட்டாம குறுக்கிக் குடுன்னு உயிரை எடுத்தாங்களே!"

"நான் காலேஜ் முதல் வருஷம்மா அப்ப. நல்ல துணி, குறுக்கக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லிட்டாங்க. வகுப்பே குச்சி மாதிரி வந்தப்ப நான் ஒருத்தி மட்டும் கூடாரம் மாதிரி போனேன். அந்த வருஷத்தை மறப்பேனா?" விரல்விட்டுப் பின்னோக்கி எண்ணி, ஒரு வருஷத்தை எழுதினார். நான் சொன்ன வருஷத்துக்கும் அதற்கும் ரொம்ப தூரம். போகட்டும்.

எழுதிவிட்டு அதிகாரி யோசித்தார். "முன்ன ஒரு வருஷம், பின்ன ஒரு வருஷம் சேத்து மூணாப் பாக்கலாம். ஆனா கட்டணம் கூடும். விசாரணைக்கு முன்னாடி முடியும்னு உறுதி சொல்லமாட்டேன். இந்த ஒரு வருஷம்னா முன்னாடியே தந்துருவேன். அதுல இல்லாம போச்சுன்னா மறுபடி தேட நாள் இருக்காது. நீங்கதான் சொல்லணும்."

சம்பந்தி டேப்பின் இரண்டு நுனியையும் பிடித்துக்கொண்டு நின்றார். முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம் என்பது அவர் உயிரோடு ஊறிய பழக்கம். அவருடைய உதடு 'மூணு' என்று அசைந்ததை நான் பார்த்தேன்.

"அந்த வருஷம் மட்டும் போதும். பள்ளிக்கூடம் திறக்கிறதுக்கு முந்தின ரெண்டு மாசம்" என்றார்.

தன் ஆயுளில் டேப்பக்கா உள்ளே துணி விடாமல் வெட்டியது அந்த ஒரு முறைதான்.

காத்திருந்த நாட்களில் கடையில் நடந்த கூத்தைச் சொல்லவேண்டும். வெள்ளைச் சட்டைக்குக் கறுப்பு நூலில் காலர் தைத்தார். ஒரு பேண்ட்டில் இரண்டு காலையும் ஒன்றாகச் சேர்த்துத் தைத்துவிட்டு, "இது யார் குடுத்த பை?" என்று கேட்டார். "கடல்கன்னி குடுத்ததுக்கா" என்றார் சாவிக்காரர். வழக்கமாக இதற்கு அவருக்குக் கிடைக்கும் பதிலை இங்கே எழுத முடியாது. அன்றைக்குப் பதிலே கிடைக்கவில்லை. சாவிக்காரர் பயந்துபோய் மருமகளுக்குப் போன் செய்துவிட்டார்.

விசாரணைக்கு முன்பே ஆவண அதிகாரியிடமிருந்து அழைப்பு வந்தது. நாங்கள் போனபோது அவருடைய கோட்டெல்லாம் தூசி, தலைமுடியில் ஒட்டடை. கவுன்டரில் ஒரே ஒரு தாள் இருந்தது. சந்தைக் கட்டடத்தின் பெரிய படிக்கட்டுக்குக் கீழ் உள்ள இடம், வாசலில் தையல் தொழில் செய்துவரும் இன்னாருக்கு, மாத வாடகைக்கு, கடையாக ஒதுக்கப்படுகிறது. அடியில் கையெழுத்துகள், முத்திரை. 'இன்னார்' என்ற இடத்தில் அவருடைய முழுப்பெயர். சந்தையில் பாதிப் பேருக்கு டேப்பக்காவுக்கு அப்படியொரு பெயர் உண்டென்றே தெரியாது. அவர் அந்தப் பெயரின் மேல் கட்டைவிரலை ஓட்டினார், தையல் நேராக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

விசாரணை மாடியில் நடந்தது. விசாரணை அதிகாரி தாளைப் படித்தார், பின்பக்கம் திருப்பிப் பார்த்தார், மறுபடி படித்தார்.

"இது எங்கேர்ந்தும்மா கிடைச்சுது?"

"இதே கட்டடத்துலதான் சார். நீங்க மேல இருக்கீங்க, அது கீழ இருந்துச்சு."

அவரே சிரித்துவிட்டார். நோட்டீஸைத் திரும்பப் பெற்றதாக அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். எண் இல்லாததுதான் இந்தக் குழப்பத்துக்கெல்லாம் காரணம் என்று சொல்லி, கடைக்கு எண் போடவும் உத்தரவிட்டார். எண் எழுத வந்த பெயின்டரைச் சம்பந்தி சும்மா விடவில்லை. டேப்பை வைத்து நடுவை அளந்து சாக்குக்கட்டியால் குறித்துக் கொடுத்த பிறகுதான் பிரஷைத் தொடவிட்டார். இன்று சந்தைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது அந்த எண்தான். என் மகன் தன்னோடு வேலை பார்ப்பவர்களை வலியக் கூட்டிவந்து, படிக்கட்டுக்கு எதிரே நிறுத்தி, "எங்க அத்தை கடை" என்று காட்டுகிறான். மருமகள் தன் பரிசோதனைக் கூடத்து வெள்ளைக் கோட்டின் பையில் அந்தக் கடை எண்ணைச் சின்னதாக நூலில் தைத்து வைத்திருக்கிறாள். கேட்டால் சலவையில் மாறாமல் இருக்கத்தான் என்கிறாள்.

எண் போட்ட மறுவாரம் ஆவண அதிகாரி கடைக்கே தேடி வந்து, கைவிளிம்பு விட்டுப்போன அந்தக் கோட்டைக் கொடுத்தார். சம்பந்தி ஸ்டேப்ளர் பின்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்த அழகை நீங்கள் பார்த்திருக்கவேண்டும்.

இவ்வளவையும் எழுதி முடித்து, நேற்று கடைக்கே போய் அவருக்குப் படித்துக் காட்டினேன். மருமகளும் இருந்தாள். கடைசியில் இப்படி முடித்திருந்தேன்: 'இவ்வாறாக எங்கள் சம்பந்தியம்மா அரசாங்கத்தோடு பேரம் பேசி, மலைபோல் இருந்த கையாளும் கட்டணத்தை மண்ணாக்கி, சல்லிக்காசு கொடுக்காமல் தன் கடையை மீட்டார்.'

மிஷின் நின்றது. சம்பந்தி வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சுமெத்தையில் குத்தினார்.

"அந்த வரியை அடிங்க சம்பந்தி. முதல் வரியையும் சேத்து அடிங்க. நான் எங்க பேரம் பேசினேன்? என் கடையில பேரம் கிடையாது, அடுத்தவங்க கடையில போய்ப் பேசுவேனா? வேலையைக் குறைச்சேன், கூலி குறைஞ்சுது. அந்தம்மா ஒட்டடையில தலையை விட்டுப் பெட்டியை இறக்கி ஏத்தினாங்களே, அந்தக் கூலியை முழுசாக் கட்டினேன், ரசீது வாங்கினேன். கோட்டைத் தச்சதுக்கு அவங்க எனக்குக் கூலி குடுத்தாங்களே, அதே மாதிரி. தீர்மானத்தைச் சும்மா குடுத்தாங்கன்னு எழுதிராதீங்க. காசு குடுத்து வாங்கின தாள் அது."